பதினோரு கிலோமீட்டர் புகைக்குழாய்

கதவைத் திறந்தால் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும்.
பெண்குரல். மரியாதையான குரல்.
கப்பலேறி, ரயிலேறி
உலான்பாதரின் இந்த வடக்கு மேட்டுக்கு வந்த பிறகும்
அவளுக்கு ஊர் மாறியது தெரியவில்லை.

பதினாறு மில்லியன் துக்ரிக்.
பாதி வங்கியுடையது,
கால்வாசி என் நாத்தனாருடையது,
ஸ்டியரிங் மட்டும்தான் உன்னுடையது
என்பான் லுவ்சன்.
பாட்டரியில் பன்னிரண்டு கட்டத்துக்கு
ஒன்பது மிச்சம்.
விற்றவன் அவற்றைப் பற்கள் என்றான்.
"மெல்லுவதற்கு ஒன்பது போதும், அக்கா."

கோடையில் நன்றாகத்தான் மென்றது.
பெட்ரோல் பங்க் வரிசையைக் கடக்கும்போது
ஹாரன் அடிக்காமலிருக்க நான் பட்ட பாடு!
இரவில் பாதி விலை மின்சாரம்.
கூடாரத்தின் கம்பளிச் சுவரில் ஓட்டை போட்டு
ஒயரை வெளியே விட்டிருந்தோம்,
கன்றுக்குக் கயிறு போல.
என் கணக்கு நோட்டில்
வட்டி, டயர், காப்பீடு,
பெட்ரோலுக்கு நேரே ஒரு கோடு.
அந்தக் கோட்டைப் பார்க்கவே
சில நாள் நோட்டைத் திறப்பேன்.

நவம்பரில் பற்கள் ஆடத் தொடங்கின.
நூற்றைம்பது ஓடியது எழுபதுக்கு இறங்கியது.
ஹீட்டர் போட்டால் ஐம்பது.
பயணிகள் கோட்டின் மேல் கோட்டு போட்டு
கிலோமீட்டரா, கால்விரலா என்று
என்னைப் பேரம் பேசவைத்தார்கள்.

பக்கத்து வேலி தாவாசுரென்
தன் பழைய பெட்ரோல் காருக்குக்
கம்பளி போர்த்திக்கொண்டே கேட்டான்:
"உன் வண்டி சுத்தம். ஒத்துக்கொள்கிறேன்.
அது யாருடையது?"
மோவாயால் மேற்கே காட்டினான்.
மின்நிலையத்தின் கோபுரங்கள்
நிலக்கரியை வானத்தில் எழுதிக்கொண்டிருந்தன.

பதில் வரவில்லை.
அன்றிரவு மின்கம்பங்களை மனதில் எண்ணிப் பார்த்தேன்.
எல்லாக் காருக்கும் பின்னால்
ஒரு முழம் புகைக்குழாய்.
என்னுடையதற்குப் பதினோரு கிலோமீட்டர்.
வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்ல மாட்டேன்.
அதன் முனை
என் நோமினின் மூக்கருகே இல்லை.
அந்த முனையருகிலும்
எவளோ ஒருத்தி மகளுக்கு
இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருப்பாள்.
இதையும் சேர்த்துத்தான் எண்ணினேன்.
தூக்கம் வரவில்லை.

டிசம்பரில் ஓரிரவு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
மைனஸ் முப்பத்தொன்று.
புகை வேண்டாமென்று எங்கள் சரிவில் பாதிப் பேர்
செப்டம்பரிலேயே அடுப்பை விற்று
மின்ஹீட்டர் வாங்கியிருந்தோம்.
நோமினைப் போர்வையோடு சுருட்டி
காருக்குள் நுழைந்தோம்.

சிறிது நேரத்தில் கண்ணாடியில் தட்டல்.
தாவாசுரென், இரண்டு பெண்பிள்ளைகள்.
இன்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்கினால்
காலையில் எழமாட்டோமென்று
அவனுக்குத் தெரியும்.
கோபுரங்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.
ஆறு பேர்.
மூச்சால் கண்ணாடியில் பனி பூத்தது.
கட்டம் கட்டமாக
நாளைய சவாரியைக்
குழந்தைகள் உறக்கத்தில் தின்றார்கள்.
நான் முள்ளைப் பார்க்காமலிருக்கக்
கையால் மறைத்துக்கொண்டேன்.

விடிந்தபோது ஒரு கட்டம், அதுவும் மினுக்கியது.
இறங்கித் திரும்பக் கதவைத் திறந்தேன்.
அந்தப் பெண்குரல்.
தாவாசுரெனின் மூத்தவள்
பள்ளியில் ஜப்பானிய மொழி படிக்கிறாள்.
"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டேன்.
"இன்று டிசம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை."
"வேறெதுவும் இல்லையா?"
"இல்லை, அத்தை."

இருபதாம் தேதி தவணை.
ஏழு மணிக்கு விமான நிலையச் சவாரி,
முன்பணம் வாங்கியாயிற்று.
தாவாசுரென் கம்பளியை உரித்தான்.
நான்கு முறை இருமி, ஐந்தாவதில் அவன் வண்டி கிளம்பியது.
புகை என் முகத்திலேயே அடித்தது.
ஒதுங்கவில்லை நான்,
கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது.

பத்து மணிக்கு வந்து
மீதிப் பணத்தை என் கையில் வைத்தான்,
எண்ணெய்ச் செலவை மட்டும் கழித்துக்கொண்டு.

நோட்டைத் திறந்தேன்.
அந்தக் கோட்டின் மேல்
முதன்முறையாக ஓர் எண் எழுதினேன்.
பேனா மை உறைந்திருந்தது.
வாயில் வைத்து ஊதி ஊதி எழுதினேன்.